மரத்தில் ஒரு விமானம்

குன்னூரில் மாடிக்குக் குடிவந்த குணராசா மரத்தில் செதுக்குவது போர் விமானம் என்று தெரிந்ததும், வீட்டுக்கார ஜானகியம்மாள் மாடியேறி வந்துவிட்டாள்.

"ஏனுங்க, குண்டு போட்டுச் சனத்தைக் கொல்ற எழவு இது. அருவருப்பா இல்லீங்களா?"

"இருக்குதம்மா," என்றார் அவர், தலை நிமிராமல்.

எரிச்சலோடு அவள் அதைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். வயிற்றுக் கதவு, இறக்கைக்கடியில் தொங்கும் குண்டுகள், புகைக்கறை எல்லாம் அச்சு அசலாக இருந்தன. மேல்பக்கம் மட்டும் வெறும் கட்டையாக இருந்தது.

"அடியில இத்தனை வேலைப்பாடு! மேல ஏனுங்க ஒண்ணுமே செய்யல?"

"மேல எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாதம்மா. வன்னியில என்ர மகள் செத்த அண்டைக்கு, பதுங்குகுழிக்குள்ள கிடந்துதான் இதைப் பார்த்தனான்."