பூச்சிக்காரன் சொன்ன யோசனை

“மச்சி, நாளைக்குப் பூர்ணாவைப் பொண்ணு கேட்டு அவங்க வீட்டுக்குப் போறேன். அவங்கம்மா ரொம்பக் கறாராம். என்ன வாங்கிட்டுப் போறது?”

தமிழ்ச்செல்வன் வாட்ஸ்அப்பில் கேட்டது, பூச்சி தின்னும் செடிகளை வளர்ப்பவர்களின் ஹைதராபாத் குழுவில் கிடைத்த நண்பனிடம். பெயர் ‘பூச்சிக்காரன்’. நேரில் பார்த்ததில்லை. ஆனால், குழாய்த் தண்ணீரில் வாடிய அவன் செடிகளை மழைத்தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பிழைக்க வைத்தது அந்த நண்பன்தான்.

“ஸ்வீட் நக்கோ, அதெல்லாம் வேணாம். ஈ பிடிக்குமே, உன் சிவப்புச் செடி, அதைக் குடு.”

“அதுவா? மூணு வருஷமா வளர்த்தது மச்சி!”

“பொண்ணு வேணுமா, செடி வேணுமா?”

மறுநாள் ராமச்சந்திராபுரம் வீட்டில் பூர்ணாவின் அம்மா வசந்தகுமாரி தொட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவனை முறைத்தார். பூர்ணா காபி போட உள்ளே போய்விட்டாள். தமிழ்ச்செல்வன் மெல்ல போனை எடுத்துத் தட்டினான்.

“மச்சி, உன்னை நம்பி மோசம் போனேன். அந்தம்மா முறைக்குது!”

எதிர் சோபாவில் ‘டிங்’ என்றது. வசந்தகுமாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் போனைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

தமிழ்ச்செல்வன் எழுந்தே நின்றுவிட்டான். “ஆன்ட்டி... பூச்சிக்காரன்... நீங்களா?”

“ஒரு கன்னு குடுன்னு ஒரு வருஷமாக் கெஞ்சினேன், குடுத்தியா?” என்றார் அவர், தொட்டியை மடியில் அணைத்தபடி. “பொண்ணைக் குடுத்தாத்தான் தருவேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, போன வருஷமே கல்யாணத்தை முடிச்சிருப்பேனே!”