கதவோரம் நின்றால் தெரியும் நிறம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு, சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் எங்கள் வீடு. டிவியோடு இணைத்த கணினியில், நாங்கள் உருவாக்கும் விளையாட்டின் வீரன் வெற்று முகத்தோடு நிற்கிறான். அந்தக் கணினிக்குத் தெரிந்தது எட்டே நிறம். நம் தோலின் நிறம் அதில் இல்லை. என் தங்கை உர்சுலா விடுவாளா? சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைக்கிறாள். மூக்கோரம் நிழலுக்குக் கறுப்பைக் கூட்டுகிறாள். பக்கத்தில் இருக்கும் எனக்கு அம்மைத் தழும்பாகத்தான் தெரிகிறது. செய்தி பார்க்கும் அவசரத்தில் அப்பா நுழைகிறார். “கிட்ட வராதீங்கப்பா, கதவுகிட்டயே நில்லுங்க!” என்கிறாள் உர்சுலா. நனைந்த குடையோடு நிற்கிறார். அங்கிருந்து பார்க்கையில் புள்ளிகள் கரைந்து, மாநிறக் கன்னம் ஒன்று மினுங்குகிறது. “நம்ம ஆளு லா!” என்கிறார் அப்பா. பக்கத்து வீட்டு டிவியில் செய்தி தொடங்கிவிட்டது கேட்கிறது. அப்பா நகரவில்லை. குடை தரையில் சொட்டுகிறது. “உர்சுலா,” என்கிறார் மெதுவாக, “அவனுக்கு ஒரு மீசை வைம்மா.”