தெருமுனைச் சேறு

பல் டாக்டர் தன் ஜீப்பில் வின்ச் பொருத்தி முடித்த அன்றைக்கே வீட்டு கேட் போய்விட்டது.

வின்ச் என்றால், சேற்றில் மாட்டிய வண்டியை இரும்புக் கயிறு கட்டி இழுத்து வெளியே போடுகிற மோட்டார். டாக்டரின் ஜீப் தார் ரோட்டை விட்டு இறங்கியதே இல்லை. ஆனாலும் ஆசை யாரை விட்டது? ஞாயிறு ஞாயிறாகக் கார் ஷெட்டில் மல்லாந்து படுத்து, பம்பரைக் கழற்றி, துளை போட்டு, போல்ட் முடுக்கி, பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து, ஒருவழியாக மாட்டிவிட்டார். கயிற்றை முதல் தடவை பாரத்தோடுதான் சுற்ற வேண்டும் என்று கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. பாரத்துக்கு எங்கே போவது? கேட் தூணில் கொக்கியை மாட்டி ரிமோட்டை அழுத்தினார். ஜீப் நகரவில்லை. தூண் நகர்ந்தது. கேட்டும் கூடவே வந்தது.

"பவரைப் பாத்தியா?" என்றார் மனைவியிடம், பெருமை தாங்காமல்.

அடுத்த வாரம் துணி காயப்போடும் கம்பம் போனது. அதற்கடுத்து பின்பக்கத்து மரம். பிறகு ஒருநாள் காபி குடித்துக்கொண்டே சமையலறைச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"இந்தச் சுவர் சும்மாதானே நிக்குது? எடுத்துட்டா ஹால் பெருசாயிடும்."

கட்டிய வீடு முழுசாக மிஞ்சுமா என்கிற கவலையில் அவளுக்குத் தூக்கமே போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் தெருமுனை சேறானது. தார் போடாத அந்தப் பள்ளத்தில் ஒரு ஞாயிறு காலை பால் வேன் புதைந்தது. டாக்டர் பாதிச் சவரத்தோடு ஓடிப்போய் இழுத்துப் போட்டார். அடுத்த ஞாயிறு தண்ணீர் லாரி. அதற்கடுத்து, வீடு மாறி வந்தவர்களின் சாமான் லாரி, பீரோவோடு. தெருவே கூடி நின்று கைதட்டியது. கிளினிக்கில் லாரிக் கதையை நோயாளிகளுக்கு விவரமாகச் சொன்னார். வாயைத் திறந்து வைத்திருந்ததால் யாராலும் குறுக்கே பேச முடியவில்லை. சமையலறைச் சுவரை அவர் மறந்தே போனார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. பின்வீட்டுக்காரர். ரிட்டயர் ஆன நாளிலிருந்து அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெங்காயம் நறுக்குவது எப்படி என்று மனைவிக்குப் பாடம் நடத்தி வந்தவர், இப்போது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார். மழை இல்லை. ஞாயிறு மட்டும் சேறு. தெருமுனையில் இருக்கும் சங்கத்து டேங்க் தண்ணீரை யாரோ முந்தின ராத்திரியே திறந்துவிடுகிறார்கள். இதில் யாருக்கு லாபம்?

மறு ஞாயிறு காலை செயலாளர் ஒரு சப்-இன்ஸ்பெக்டரோடு டாக்டரின் வீட்டுக்குள் நுழைந்தார்.

"யார் அனுமதியோட இந்த வேலை பண்ணீங்க, டாக்டர்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

டாக்டரின் முகம் வெளுத்தது. "அனுமதி வாங்கணும்னு தெரியாது சார். சின்னதா நாலு ஓட்டைதான் போட்டேன்."

"பாத்தீங்களா? ஒத்துக்கிட்டார்" என்றார் செயலாளர்.

"டேங்க்லயா போட்டீங்க?"

"இல்ல சார், பம்பர்ல."

சப்-இன்ஸ்பெக்டர் குழம்பிப்போய் செயலாளரைப் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?" என்றார்.

"வீட்டுலதான் இருந்தார். படுத்தவர் எழுந்திருக்கவே இல்ல" என்று டாக்டரின் மனைவி முந்திக்கொண்டாள். அந்த அவசரமே அவளைக் காட்டிக்கொடுத்தது.

"டேங்க் ரூம் பூட்டியிருக்கு. சாவி என் வீட்டு ஆணியில தொங்குது. பூட்டைத் திறக்கற அளவுக்கு அரம், ஸ்பேனர்லாம் இந்தத் தெருவுல இவர்கிட்டதான் இருக்கு" என்றார் செயலாளர்.

"ஸ்டேஷனுக்கு வாங்க, பேசிக்கலாம்."

"அவரை விட்டுடுங்க சார். அவர் ஒண்ணும் பண்ணல" என்று அவள் அழுதாள். எல்லாக் குற்றவாளிகளின் மனைவிகளும் இதையேதான் சொல்வார்கள் என்று சப்-இன்ஸ்பெக்டருக்கு அனுபவம்.

"சம்பவ இடத்தையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடலாம்" என்றார் செயலாளர்.

பார்த்தார்கள். பின்சீட்டில் டாக்டரோடு போலீஸ் ஜீப் அச்சு வரைக்கும் உள்ளே போனது. சப்-இன்ஸ்பெக்டர் ஆக்சிலேட்டரை மிதித்த மிதியில் செயலாளரின் வெள்ளைச் சட்டை நிறம் மாறியது.

சப்-இன்ஸ்பெக்டர் சேற்றில் இறங்கி, பின்சீட்டுப் பக்கம் வந்தார்.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. உங்க வண்டியைக் கொண்டு வர முடியுமா?"

டாக்டர் கொண்டுவந்தார். கொக்கி மாட்டி, ரிமோட்டை அழுத்தி, தன்னைப் பிடித்துப்போக வந்த ஜீப்பைத் தானே கரையேற்றினார். தெரு கைதட்டியது.

"பிடிச்சிட்டுப் போன ஆளே ஜீப்பை இழுத்து விட்டார்னு எப்.ஐ.ஆர்ல எழுதினா, டிபார்ட்மெண்ட்ல என்னைச் சிரிச்சே கொன்னுடுவாங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், பூட்ஸைத் தரையில் தேய்த்தபடி. செயலாளரிடம் திரும்பினார். "கையும் களவுமா பிடிச்சா மட்டும் கூப்பிடுங்க."

"பிடிக்கிறேன் சார். இனிமே விடிஞ்சதுலேருந்து இருட்டற வரைக்கும் இந்தச் சேத்துப் பக்கத்துலதான் உட்காரப் போறேன். சாப்பாடும் இங்கயே வரட்டும். குத்தம் பண்ணவன் இங்க வந்துதானே ஆகணும்?"

வீட்டுப் பின்பக்கம், டாக்டரின் மனைவி இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து செயலாளரின் மனைவி எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அழாதே, அடுத்த வாரத்துலேருந்து புதன்கிழமையும் டேங்க்கைத் திறந்து விடறேன், உன் வீடும் நிக்கும், என் வீட்டுலயும் நான் நிம்மதியா சமைச்சுக்குவேன்."