உறங்காதவரே

செண்பகனூரில் பியூலா வீட்டு முன்னறையில் பெண்கள் பாயில் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே காலை மூடுபனி அசையாமல் நிற்கிறது. பியூலா ஸ்தோத்திரப் புத்தகத்திலிருந்து ஆண்டவரின் குணங்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறாள். சர்வவல்லவரே என்கிறாள், ஸ்தோத்திரம் என்கிறார்கள் எல்லோரும். எங்கும் நிறைந்தவரே. ஸ்தோத்திரம். வேகம் கூடக் கூடப் பெயர்கள் தேய்ந்து வெறும் சத்தமாகின்றன. கதவோரம் ஞானசெல்வம், பாதங்களில் காயாத தோட்டத்துச் சேற்றோடு உட்கார்ந்திருக்கிறாள். காட்டுமாடுகளை விரட்டத் தகரம் தட்டும் குச்சியைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தட்டியவள் விடியும் நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். அதற்குள் அறுப்புக்கு நின்ற முட்டைக்கோஸ் அத்தனையையும் அவை மேய்ந்துவிட்டுப் போய்விட்டன.

“உறங்காதவரே,” என்கிறாள் பியூலா.

பதிலில் ஒரு குரல் குறைகிறது. பியூலா நிமிர்கிறாள். “என்ன செல்வம், சொல்லலையா?”

“நான் தூங்கிட்டேங்க்கா. நாலஞ்சு ராவா முழிச்சுக் கெடந்த ஒடம்பு, தூங்கிட்டேன். அவரு முழிச்சுத்தான இருந்தாரு? எனக்கு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?”

அடுப்பில் கட்டங்காப்பி பொங்கி வழிகிற வாசனை வருகிறது. எழுந்து போக ஆளில்லை. அடுத்த பெயர் நீடிய பொறுமையுள்ளவரே. பியூலாவின் விரல் அதன் மேல் நிற்கிறது, வாயில் வரவில்லை. பழைய வரிக்கே திரும்புகிறாள்.

“உறங்காதவரே.”

“ஸ்தோத்திரம்!” இந்த முறை ஞானசெல்வம் முந்திக்கொள்கிறாள், அசந்து தூங்குகிற ஒருவரை எழுப்புகிற குரலில்.