பூனைகள் வளர்த்த நாய்

அழகியநம்பி அண்ணாச்சியின் கார் வாசலில் வந்து நின்றதும் எலிசாள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து எட்டிப்பார்த்தாள்.

இன்றைக்குத் துரையைக் கொண்டுபோய்விடுவார்.

துரை என்பது நாய்க்குட்டி. போன மழையில் கரமனைப் பாலத்துக்குப் பக்கத்து ஓடையில் தத்தளித்துக்கொண்டிருந்ததை, எலிசாள் சேலை நனைய இறங்கித் தூக்கிவந்தாள்.

வீட்டில் ஏற்கெனவே மூன்று பூனைகள். மூத்தவள் வெள்ளைக்காரி மாதிரி வெளேரென்று இருப்பதால் மதாம்மை என்று பேர். முதல் நாளே மதாம்மை துரையின் மூக்கில் ஓங்கி ஓர் அறை விட்டாள். மறுநாள் பார்த்தால் அதே மூக்கை நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு நாலும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் உருண்டு உறங்கின. எந்த வால் யாருடையது என்று கண்டுபிடிப்பதே எலிசாளுக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

அவள் புருஷன் ஞானையன் வேறு ரகம். ஆரியசாலையில் அண்ணாச்சியின் மிளகாய்வற்றல் கடைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். குட்டி வந்த அன்றே, குடோன் காவலுக்கு ஒரு நாய் கிடைத்துவிட்டது என்று அண்ணாச்சிக்குப் போன் போட்டு வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கை மாற்றினால் மீசை உதிர்ந்துவிடும் என்று நம்புகிற ஆள். எலிசாள் அழுதும் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். மனிதர் அசையவில்லை.

அந்தக் குடோனை அவள் பார்த்திருக்கிறாள். மூட்டைக்கு மூட்டை மிளகாய். உள்ளே போனவர்கள் தும்மிக்கொண்டேதான் வெளியே வருவார்கள். வாசல் கம்பியில் நாய்ச்சங்கிலி ஒன்று இப்போதே மாட்டித் தொங்குகிறது. கை நீளம்கூட இராது.

அண்ணாச்சிக்கு ஒரே நிபந்தனைதான். நாய் நன்றாகக் குரைக்க வேண்டும்.

அதில்தான் எலிசாளுக்கு நம்பிக்கையே போயிற்று. துரைக்குக் குரைப்பதை விட்டால் வேறு ஜோலி கிடையாது. மீன்காரியைப் பார்த்தால் குரைக்கும். கேபிள்காரரைப் பார்த்தால் குரைக்கும். யாருமே வராவிட்டால் ஏன் வரவில்லை என்று குரைக்கும்.

அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து சாயாவைக் கையில் வாங்கிக்கொண்டார். கொல்லைப்புறத்தில் குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஞானையன், அதை இடுப்பில் இடுக்கியபடி வந்து நடுவீட்டில் இறக்கிவிட்டார்.

எலிசாள் கண்களை இறுக மூடினாள். “ஏசுவே, இதுக்க வாயக் கெட்டிப்போடும்” என்று உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்தாள்.

சத்தமில்லை.

ஒரு கண்ணைத் திறந்தாள்.

துரை அண்ணாச்சிக்கு எதிரே அமைதியாக உட்கார்ந்திருந்தது. நாக்கைச் சுழற்றியது. முன்னங்காலைத் தூக்கி நக்கியது. அந்தக் காலால் முகத்தை ஒரு துடை துடைத்தது. மறுபடி நக்கியது, மறுபடி துடைத்தது. டிவி ஸ்டாண்டின் மேல் மதாம்மையும் அச்சு அசலாக அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

அண்ணாச்சி கை தட்டினார். சீட்டியடித்தார். எழுந்து நின்று காலைத் தரையில் ஓங்கி உதைத்தார்.

துரை தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. வாயை அகலத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு மறுபடி முகம் துடைக்கப் போய்விட்டது.

அண்ணாச்சிக்குச் சிரிப்பில் சாயா புரையேறியது.

“என்னவே ஞானையா, நாயின்னு சொல்லிப் பூனையக் காட்டுதீரு? இது எலியப் புடிச்சாலும் புடிக்கும், கள்ளனப் புடிக்காதுவே. பேசாம ஒரு கேமராவ வாங்கி மாட்டிக்கிடுதேன்.”

“பூனையளுக்க கூடக் கெடந்து வளந்ததாக்கும் அண்ணாச்சி. கெட்டுக் குட்டிச்சுவராப் போச்சு” என்றார் ஞானையன். முகம் செத்த வீட்டுக்குப் போனவர்போல இருந்தது. அப்படியே அவரை வழியனுப்ப வாசலுக்குப் போனார்.

எலிசாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மதாம்மையை அள்ளி எடுத்து நெற்றியில் முத்தினாள். குழம்புக்கு அலசி வைத்திருந்த சாளை மீனில் பெரிதாகப் பார்த்து எடுத்து அவள் முன்னால் போட்டாள். மற்ற இரண்டுக்கும் ஆளுக்கொன்று. நாய்க்குப் பூனைத்தனத்தைப் படிப்பித்த வாத்தியார்களுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

பிறகு துரையைத் தூக்கி மடியில் வைத்தாள். முத்த வந்த உதடு அதன் தாடையில் ஒட்டிக்கொண்டது.

துடைத்துப் பார்த்தாள். பிசுக்கென்றிருந்தது. ஏலக்காய் மணம். வாயை மெல்லப் பிளந்து விரலை விட்டால், மேலண்ணத்தில் கெட்டியாக அப்பிக் கிடந்தது ஒரு கட்டி கறுப்பு அலுவா.

இந்த வீட்டுக்கு அலுவா வந்து எவ்வளவோ நாளாயிற்றே என்று யோசித்தபடி அதைத் தோண்டி எடுத்து, சன்னல் வழியாகப் பார்த்தாள்.

ஞானையன் கார்க் கதவருகே குனிந்து, நாய்க்குட்டி ஏமாற்றிவிட்டதற்காக இன்னும் வருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட விரல்களைப் பிரிக்க அந்தக் கை தனியாகப் போராடிக்கொண்டிருந்தது.

வாய் விடுதலையான சந்தோஷத்தில் துரை சன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டியது. அண்ணாச்சியைப் பார்த்தது. தொண்டையில் உறுமல் கிளம்பியது.

கார் இன்னும் கிளம்பவில்லை.

எலிசாள் அலுவாவை எடுத்த இடத்திலேயே திருப்பி அப்பினாள்.