அழுகுன முட்டை

"மிஸ், அழுகுன முட்டை!"

சுஜிதா கத்திய கத்தலில் ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. சோதனைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, பரீட்சை என்கிற நினைப்பே இல்லாமல், டீச்சர் அக்தர் பானுவைப் பார்த்து அந்தப் பெண் கத்திவிட்டாள்.

"யாரும்மா அது?" பெரியகுளத்திலிருந்து தேர்வாளராக வந்திருந்த ராம்பிரசாத் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மனுஷனுக்கு எப்போதும் மூக்கு மேல் கோபம்.

காலையிலிருந்து இந்த ஆளைக் குளிர வைக்கத்தான் டீச்சர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். ஏலக்காய் டீ கூட வரவழைத்தார். கடைக்காரன் எந்த நினைப்பில் போட்டானோ, பால் அடிபிடித்துக் கருகல் வாடை குப்பென்று அடித்தது.

ராம்பிரசாத் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துத் தள்ளி வைத்தார். அக்தர் பானுவோ தன் தம்ளரைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, "ஏலக்கா தூக்கலா இருக்குல்ல சார்? நம்ம போடி ஊரு டீன்னா சும்மாவா!" என்றார். ஏலக்காய் என்று பேர் சொல்லிக் கொடுத்தால் இந்த ஊர்க்காரர்கள் கரித்தண்ணியையும் குடிப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டார் ராம்பிரசாத்.

இப்போது அவர் சுஜிதாவின் மேசைக்கே வந்துவிட்டார்.

"அழுகுன முட்டை வாடைன்னா சல்பைடு. கடைசி மேசையில இன்னொருத்திக்கும் இதே உப்புதான் குடுத்திருக்கேன். அவளுக்கு விடை சொல்றியா?"

"இல்ல சார்."

"என்ன இல்ல? கொஞ்ச நேரத்துக்கு முன்னால அந்தப் பய, 'மிஸ், மூக்கு எரியுது'ன்னு கத்துனான். போனாப் போகுதுன்னு விட்டேன். அம்மோனியான்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. இப்ப நீ. எல்லாரும் பேசி வச்சிக்கிட்டு வந்திருக்கீங்களா?"

அந்தப் பய பேச்சிமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

சுஜிதாவின் அம்மா செல்லக்கிளி, விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி ஏலக்காய் எடுக்கப் போகிறவள். மகளை நர்சிங் சேர்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. இந்தத் தேர்வு போனால் நர்சிங்கும் போச்சு. அதே ஜீப்பில் மகளும் ஏற வேண்டியதுதான்.

அது அக்தர் பானுவுக்குத் தெரியும். "சார், நல்ல புள்ள சார். வகுப்புலயும் இதுக இப்பிடித்தான் கத்திக்கிட்டே கெடக்குங்க. எத்தனையோ தடவ வஞ்சு பாத்துட்டேன். காப்பியடிக்கிற புள்ளைக இல்ல சார்."

"அப்ப நீங்க பழக்கி விட்டதுதானா? உங்க மேலயும் சேத்து எழுதவா?"

வருஷா வருஷம் நிர்வாகம் மனசு வைத்தால்தான் டீச்சருக்கு அந்த வேலை. ஒரு புகார் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ராம்பிரசாத் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, எதுக்குக் கத்துன? காரணம் சொல்லு. நியாயமா இருந்தா விட்டுர்றேன்."

சுஜிதா டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணுமில்ல சார். பழக்கதோஷம்."

"அடியே, உங்கம்மாவ நெனச்சுப் பாருடி! காரணம் இருந்தாச் சொல்லித் தொலையேன்டி!" அக்தர் பானுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பேச்சிமுத்து எதையோ சொல்ல வாயெடுத்தான். சுஜிதா முறைத்த முறைப்பில் அப்படியே அடங்கிவிட்டான்.

இதற்கு மேல் யார் என்ன செய்ய முடியும்? ராம்பிரசாத் தன் மேசைக்குத் திரும்பி உட்கார்ந்து தாளை எடுத்து, முறைகேடு என்று தலைப்பிட்டு, சுஜிதாவின் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டார். "டீச்சர், எச்.எம்.மைக் கூட்டியாங்க. அவரும் கையெழுத்துப் போடணும்."

அக்தர் பானு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினார். செருப்புச் சத்தம் தேயும்வரை காத்திருந்த சுஜிதா, ராம்பிரசாத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

"என் பேரு இருக்கட்டும் சார். மிஸ்ஸு பேரை மட்டும் எழுதிராதீங்க."

"அப்ப உண்மையச் சொல்லு."

"போன வருஷம் இதே ரூம்ல கேஸு தெறந்து கெடந்துச்சு சார். எங்க அம்புட்டுப் பேருக்கும் வாடை அடிச்சுச்சு. மிஸ்ஸுக்குத் தெரியாமயா இருக்கும்னு பேசாம உக்காந்திருந்துட்டோம். அவுக தீக்குச்சிய உரசிட்டாக. முன்முடியெல்லாம் பொசுங்கிப்போச்சு. அன்னையிலருந்து என்ன வாடை வந்தாலும் கத்திருவோம் சார். இன்னைக்குப் பரீட்சைங்கிறதே மறந்துபோச்சு."

ராம்பிரசாத்தின் கண் மேசைக்குப் போனது. அவருடைய தம்ளரில் கருகிய டீ ஆடை கட்டிக் கிடந்தது. பக்கத்தில் டீச்சரின் காலித் தம்ளர்.

"இத ஏம்மா டீச்சர் இருக்கும்போதே சொல்லல?"

படியில் பேச்சுக்குரல் கேட்டது. எச்.எம். வந்துகொண்டிருந்தார், கூடவே அக்தர் பானுவும். சுஜிதா வெரசாக் குனிந்து ராம்பிரசாத்தின் காதோரம் சொன்னாள்:

"கொரோனா வந்ததுலருந்து மிஸ்ஸுக்கு எந்த வாசமும் தெரியாது சார்... எங்களுக்குத் தெரியும்னு மட்டும் அவுககிட்டச் சொல்லிராதீங்க."