மூலைப் படுக்கை சார்

“எக்ஸ்ரே! எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க!”

எக்ஸ்ரே இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவன் குரல் கொடுத்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நர்சுகள் கதவோரம் ஒதுங்கினார்கள். எக்ஸ்ரே கதிர்வீச்சுக்குத்தான் பயப்படுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும், தான் நுழைகிற அறையெல்லாம் காலியாவது அவனுக்கு இன்னும் பழகவில்லை. வேலை முடிந்து போனால் வீடும் அப்படித்தான் கிடக்கும்.

அதனாலோ என்னவோ, நினைவில்லாமல் கிடப்பவர்களிடம்கூட வாய் ஓயாமல் பேசுவான்.

“பெரியம்மா, முதுகுக்கு அடியில பலகை வைக்கிறேன். சில்லுன்னு இருக்கும், என்னைத் திட்டக் கூடாது.”

“மாமா, அப்படியே இருங்க. பொண்ணு வீட்டுக்கு அனுப்புற படம், நல்லா விழணும்ல!”

தலைமை நர்சு சிரித்தார். “ஊரெல்லாம் உனக்குச் சொந்தம்டா!”

மூலைப் படுக்கைக்கு வந்ததும் அவன் பேச்சு சுருங்கிப்போனது. தொண்டையில் குழாயோடு ஒரு பெரியவர். அவருக்காக இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“சார், படம் எடுக்கணும்” என்றான். அவ்வளவுதான். தோளைப் பூப்போல தூக்கிப் பலகையை நுழைத்து, தள்ளி நின்று பொத்தானை அழுத்தினான்.

திரையில் படம் வந்ததும் அவன் முகம் வெளிறியது.

“அக்கா, டாக்டரைக் கூப்பிடுங்க! இடது நுரையீரல் சுருங்கிக் கிடக்கு. சுத்தி முழுக்க காத்து!”

டாக்டர் ஓடி வந்து பார்த்தார். “உடனே நெஞ்சுல குழாய் போடணும். இவருக்கு யாராவது இருக்காங்களா? ஒரு வார்த்தை சொல்லிடலாம்.”

“பக்கத்து வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து சேர்த்தார் டாக்டர். எனக்குன்னு ஒருத்தரும் இல்லைன்னு, நினைவு இருக்கும்போதே இவர் சொல்லிட்டாராம்” என்றார் தலைமை நர்சு.

திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். அவன் வெளியே நின்றான். அடுத்த வார்டிலிருந்து செல்போனில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள், எடுக்கவில்லை. கதிர்வீச்சைத் தடுக்கப் போட்டிருந்த ஈய அங்கியைக் கழற்றவும் தோன்றவில்லை.

“வாப்பா, இன்னொரு படம் எடு” என்று டாக்டர் அழைத்தார்.

அவன் மறுபடி பலகையை நுழைத்துப் பொத்தானை அழுத்தினான். படம் வந்தது. சுருங்கிக் கிடந்த நுரையீரல் விரிந்திருந்தது.

“நல்ல வேளை, பார்த்ததும் கத்தினே. பெரியவர் பிழைச்சுக்கிட்டார்” என்று அவன் முதுகில் தட்டிவிட்டு டாக்டர் போனார்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தலைமை நர்சு பக்கத்தில் வந்தார்.

“ஏண்டா, கண்டவங்களையெல்லாம் மாமா, பெரியம்மான்னு கொஞ்சுறே. இவருக்காக இப்படிக் கலங்கிப்போய் நிக்கிறே, ஆனா வாய்ல ‘சார்’தான் வருது. அப்பான்னு ஒரு தடவை கூப்பிட்டா கொறைஞ்சா போயிடுவே? காதுல விழுந்தா அந்த மனுஷனுக்கும் ஒரு தெம்பு வரும்ல?”

அவன் எக்ஸ்ரே இயந்திரத்தைத் திருப்பித் தள்ளத் தொடங்கினான்.

“காதுல விழுந்துடக் கூடாதுன்னுதான் அக்கா பயப்படுறேன். ‘இனிமே அப்பான்னு சொல்லிக்கிட்டு என் முன்னால வந்து நிக்காதே’ன்னு சொல்லித்தான் இவர் என்னை வீட்டை விட்டு அனுப்பினார்.”